பனியும் பாயும் பச்சைப்பிள்ளையும்

தை பிறக்க நாள் நெருங்குகிறது. பழனிக்கு நடப்பவர்கள் மாலை போட்டுவிட்டார்கள். அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த முறை புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: கைப்பிள்ளையோடு வெளியில் தங்க வேண்டியிருக்கிறது, ராத்திரியை எப்படிக் கடத்துவது? மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

வாசகி, பொன்னமராவதி: அக்கா, பிள்ளைக்கு ஐந்து மாதம். பழனிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு நடப்பதாக அத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். "நம்ம ஊர்ல என்ன குளிர், இது கொடைக்கானலா?" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா?

அவருக்குச் சரி. பிள்ளைக்குச் சரியில்லை. நம் பக்கம் தை மாத ராத்திரி 20 டிகிரியை ஒட்டி இறங்கும். பெரியவர்களுக்கு ஒரு துண்டு போதும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 23 டிகிரியில் துணியில்லாமல் கிடக்கும் பிறந்த குழந்தை எவ்வளவு சூட்டை இழக்குமோ, அவ்வளவு சூட்டைத்தான் பூஜ்ஜியம் டிகிரியில் துணியில்லாமல் நிற்கும் பெரியவர் இழப்பார். நமக்கு இதமாக இருக்கும் ராத்திரி, பிறந்த பிள்ளைக்குப் பனிக்கட்டி ராத்திரி. எடைக்கு மிஞ்சிய தோல்பரப்பு, பெரிய தலை, தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. கழுத்திலும் தோள்பட்டை நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் கையிருப்பும் சொற்பம்.

உங்கள் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் ஆபத்து குறைவு. இல்லாமல் போய்விடவில்லை. நடக்கும் நாட்களில் பால் நேரம் தவறும், துணி ஈரமாகவே கிடக்கும், வாகனம் விரையும் சாலையோரத்தில் விடியுமுன் நடக்க வேண்டியிருக்கும். என் யோசனை இது: அத்தை நடக்கட்டும், நீங்கள் பிள்ளையோடு பேருந்தில் போய்ப் பழனியில் சேர்ந்துகொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து அத்தையே பேரனைத் தூக்கிக்கொண்டு படியேறட்டும். வேண்டுதலில் குறை வராது.

வாசகர், அறந்தாங்கி: குளிருகிறது என்று பிள்ளை சொல்லாதே. எப்படிக் கண்டுபிடிப்பது?

புறங்கையால். உள்ளங்கை வேண்டாம், அது வேலை செய்து காய்த்திருக்கும். முதலில் பிள்ளையின் பாதத்தில் புறங்கையை வையுங்கள், பிறகு சட்டைக்குள் விட்டு வயிற்றில். இரண்டும் சூடாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் பிள்ளைக்குக் குளிர் ஏற ஆரம்பித்துவிட்டது, உடனே அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் அது அபாயம். ஈரத்துணியைக் கழற்றி, உங்கள் வெறும் மார்பில் படுக்க வைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். பால் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் சூடு ஏறாவிட்டாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அழாமல் அமைதியாகக் கிடக்கிறதே, நல்ல பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். மிகவும் குளிர்ந்துபோன பிள்ளை அழாது.

ஆசிரியை, திருமயம் வட்டம்: எங்கள் ஊர் வயலில் ஆடு மேய்க்கும் கீதாரிக் குடும்பங்கள் கிடை போட்டிருக்கின்றன. அதில் ஒரு பெண்ணுக்கு நாற்பது நாள் பிள்ளை. வெட்டவெளியில் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறாள். நான் என்ன சொல்லலாம், என்ன செய்யலாம்?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள், அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டைக் கிடத்தி நம் மண்ணுக்கு உரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் புழுக்கையிலும் மூத்திரத்திலும் விளைந்த நெல்லைத்தான் நாம் சாப்பிடுகிறோம். ஆட்டுக்குட்டிக்கு ராத்திரி அடைய ஒரு கூடு உண்டு. நாற்பது நாள் பிள்ளைக்குக் கூடு அந்தத் தாய்தான்.

அதனால் முதலில் அவளுக்குத் தெரிந்ததையே அவளிடம் உறுதிப்படுத்துங்கள். முந்தானைக்குள் பிள்ளையை மார்போடு போட்டுக்கொள்கிறாளே, அதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். 2021-ல் வெளியான ஆய்வில், இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்றன. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாய் மார்பில் போட்டதில், இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நிறைமாதப் பிள்ளைக்கும் இதே சூடு நல்லதுதான். தாய் களைத்துவிட்டால் தகப்பனின் மார்பும் போதும். தாய் கண் அசரும்போது மட்டும் பிள்ளையை மார்பிலேயே விட்டுவிடக்கூடாது. யாராவது விழித்திருந்து பார்க்க வேண்டும், அல்லது பக்கத்தில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

அடுத்தது கட்டில். தரையைவிடக் கட்டில் மேல், ஈரமும் பூச்சியும் எட்டாது. ஆனால் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் காற்று ஓடும். மேலே நான்கு போர்வை போட்டாலும் கீழிருந்து சூடு போய்க்கொண்டே இருக்கும். கயிற்றின் மேல் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் பருத்தித் துணி. அடியில்தான் கனம் வேண்டும், மேலே அல்ல. கட்டில் நடுவில் குழிந்திருந்தால் பெரியவர் உருண்டு பிள்ளைமேல் வருவார். கயிற்றை இழுத்து முறுக்கச் சொல்லுங்கள்.

"பனி தலையில் இறங்கும்" என்று அப்பத்தாக்கள் சொல்வார்கள். பனி வானத்திலிருந்து இறங்குவதில்லை. மேகமில்லாத ராத்திரியில் தரையும் துணியும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்து போகின்றன. அந்தக் குளிர்ச்சியில்தான் காற்றின் ஈரம் வந்து படிகிறது. காரணம் வேறானாலும் அப்பத்தா சொன்ன பரிகாரம் சரி. தலைக்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும். கட்டிலுக்கு மேல் நான்கு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் கட்டினால் போதும், பிள்ளைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு. பக்கவாட்டில் காற்று வரும் திசையை மட்டும் அடையுங்கள், நாலாபுறமும் அல்ல.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆறு வாரத் தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டது. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது தவறிப்போகும். சொந்த ஊரில்தான் போட வேண்டும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லை, எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடலாம், காசு கிடையாது. புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, வருகிற புதன் நீங்களே அவளை அழைத்துப் போங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த ஊரில் அதுதான் பேசும்.

வாசகர், விராலிமலை: கூடாரத்துக்குள் சின்னக் கரியடுப்பு வைத்தால் கதகதப்பாக இருக்குமே?

வேண்டவே வேண்டாம். கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். பிள்ளை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். கணப்பு வெளியே இருக்கட்டும், படுக்கும்முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். வெந்நீர்ப் பையும் பிள்ளையின் பக்கத்தில் இருக்கக்கூடாது. படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போடுங்கள்.

வாசகி, இலுப்பூர்: வேப்பமரத்தில் தூளி கட்டினால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள். ராத்திரியும் அப்படியே விடலாமா?

பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விடலாம். களத்துமேட்டிலும் நாற்றங்காலிலும் நம் பெண்கள் பிள்ளை வளர்த்ததே தூளியில்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரிக்கு இரண்டு காரணத்தால் வேண்டாம். தூளிக்குள் பிள்ளை வளைந்து கிடக்கும். கழுத்து நிற்காத மாதங்களில் மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கும். இருட்டில் அது நமக்குத் தெரியாது. இரண்டாவது, ஒற்றைச் சேலையின் அடியில் பனிக்காற்று தடையில்லாமல் தடவிக்கொண்டு போகும். ராத்திரிக்குச் சமமான பரப்பு, மல்லாந்த படுக்கை, தலையணை இல்லாமல். மல்லாக்கப் படுக்க வைக்கும்படி 1990-களில் மேல்நாடுகளில் ஊரறியச் சொல்லத் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அமெரிக்காவில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இதோடு ஒன்று. நம்மவர்கள் குளிரில் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்வோம். பிள்ளை பக்கத்தில் இருக்கும் ராத்திரி அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் போர்வை வேறு, பிள்ளையின் துணி வேறு. பிள்ளைக்கு அது நெஞ்சுக்குக் கீழே நிற்க வேண்டும். குடித்திருப்பவர், புகை பிடிப்பவர் பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கக்கூடாது. இதைக் கணவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

வாசகர், கந்தர்வகோட்டை: செங்கல் சூளையில் வேலை. பிள்ளைகுட்டியோடு தரையில்தான் படுக்கிறோம். பாம்பு பயம் இருக்கிறது.

தம்பி, பயம் நியாயமானது. நீங்கள் கவனிக்க வேண்டியது கட்டுவிரியனை. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் பதுங்கி ராத்திரியில் திரியும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடப் பல நேரம் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமை சரிவது, விழுங்க முடியாமை. கைப்பிள்ளை என்றால் அழுகை மெலிந்துபோகும், பால் இழுக்காது, இமை தொங்கும். பேய், காற்று, கருப்பு என்று ஓடாதீர்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை அரைத்துக் கொடுக்காதீர்கள். 108-ல் நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். சின்னப் பிள்ளைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவுதான் கொடுப்பார்கள், ஏனென்றால் பாம்பு செலுத்தும் விஷம் ஆளுக்கு ஆள் மாறாது. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள, 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

வராமல் தடுக்க ஒரு வழி உண்டு, விலையும் அதிகமில்லை: கொசுவலை. ஆனால் தொங்கவிட்டால் மட்டும் போதாது. வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். நான்கு பக்கமும் செருகியபின் ஒருமுறை விளக்கடித்து உள்ளே பாருங்கள், பிறகு படுங்கள். பேறுகாலத்தில் அரசு தரும் குழந்தை நலப் பெட்டகத்தில் பிள்ளைக்கு ஒரு சின்ன வலை இருக்கும். பகலுக்கு அது போதும். ராத்திரி தரையில் படுக்க, தாயும் பிள்ளையும் சேர்ந்து உள்ளே அடங்கும் பெரிய வலை வேண்டும். சிந்திய சோற்றையும் தானியத்தையும் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். செங்கல் அடுக்குக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளிப் படுங்கள்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. புல்லிலும் புதரிலும் இருக்கும் பொடிப் பூச்சியின் கடியால் உண்ணிக் காய்ச்சல் வரும், மழை முடிந்த குளிர்மாதங்களில் நம் பக்கம் அதிகம். காய்ச்சலோடு அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்டது போலக் கறுத்த ஒரு பொருக்கு இருக்கிறதா என்று பிள்ளையின் உடம்பு முழுக்கத் தேடுங்கள். இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். சீக்கிரம் கண்டால் சாதாரண மருந்தில் குணமாகிவிடும்.

வாசகி, கோயம்புத்தூர் (சொந்த ஊர் புதுக்கோட்டை): எட்டு மாதக் குழந்தையோடு சித்தன்னவாசலில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்க ஆசை. முடியுமா?

குன்றின்மேல் முடியாது, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும். ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன, கல்லிலேயே தலையணை செதுக்கியவை. உடம்பை வருத்திக்கொள்ளத் துணிந்தவர்களுக்கான படுக்கை அவை. பகலில் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.

சொந்தக்காரர் தோப்பிலோ வயல் வீட்டு முற்றத்திலோ கூடாரம் அடியுங்கள், சந்தோஷமாக இருக்கும். பாறைமேல் மட்டும் வேண்டாம். வெயில் குடித்த பாறை முன்னிரவில் பாய்போல இதமாக இருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு அதே பாறை உங்கள் சூட்டை இழுக்கும். கூடாரத்தின் காற்றுச் சன்னலைத் திறந்தே வையுங்கள், மூடினால் நம் மூச்சின் ஈரமே துணியில் வேர்த்துச் சொட்டும். நீங்கள் போட்டிருப்பதைவிடப் பிள்ளைக்கு ஒரு துணி கூடுதல், அவ்வளவுதான். பின்கழுத்தில் வியர்த்தால் ஒன்றைக் கழற்றுங்கள். அதிகச் சூடும் தூங்கும் பிள்ளைக்கு ஆபத்தே. சித்திரை, வைகாசியில் வந்தால் போர்வையே தேவைப்படாது. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளையாக இருந்தால், ஆசைக்காக இப்படித் தங்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சுருக்கமாகச் சில:

கொசுவர்த்திச் சுருள் கொளுத்தலாமா? (ஆலங்குடி) கூடாது. ஒரு சுருள் எரிந்து தீர்ந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு கண்டது. கொசுவலைதான் வழி.

சளிக்குக் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய்? (கறம்பக்குடி) கைப்பிள்ளைக்குக் கற்பூரம் விஷம், வலிப்பு வரும். வெறும் தேங்காய் எண்ணெய் போதும்.

குல்லா? (கீரனூர்) வெளியில் போடலாம். மோவாயில் முடிச்சுப் போடும் கயிறு இருக்கக்கூடாது, கண்ணை மூடும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக்கூடாது. வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

காரை நிறுத்தி, ஏசி போட்டுப் படுத்தால்? (புதுக்கோட்டை) வேண்டாம். நின்ற வண்டியின் புகை உள்ளே வரலாம். கரியடுப்புக்குச் சொன்னதே இதற்கும்.

ராத்திரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று பார்க்கலாமா? (அன்னவாசல்) மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி தொட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. அந்த நேரமே கிளம்புங்கள்.

வாசகி, கீரமங்கலம்: கஜா புயல் அடித்த ராத்திரி, என் மகள் பிள்ளை பெற்று இருபது நாள். ஓடு பறந்து, பள்ளிக்கூடத்தில் ஈரத்தரையில் விடிந்தோம். இப்போது மருமகள் மாசமாக இருக்கிறாள். மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தால்?

2018 நவம்பர் 16 விடியற்காலையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் வம்சம் வம்சமாக வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்தது, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அன்றைக்குப் பிள்ளை பெற்றிருந்தவர்கள் பட்டது வேறு யாருக்கும் தெரியாது.

ஐப்பசி பிறந்ததும் ஒரு பை கட்டி வாசல் பக்கம் மாட்டிவையுங்கள். உள்ளே, உரச்சாக்கின் உள்ளுறை போன்ற தடித்த பிளாஸ்டிக் பையில் நன்றாக முடிந்து, பிள்ளைக்கு ஆறு உலர்ந்த பருத்தித் துணி, ஒரு சட்டை, ஒரு குல்லா. ஒரு தார்ப்பாய். ஒரு கோரைப்பாய். பெரிய கொசுவலை, கட்டக் கயிறு. டார்ச், தாய் சேய் நல அட்டை. தாய்க்கு அவல், வெல்லம், தண்ணீர், அவள் சாப்பிட்டால்தான் பால் ஊறும். முகாமில் வரும் புட்டிப்பால், பால்பவுடரைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக வாங்காதீர்கள், நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். புயல் எச்சரிக்கை வந்த உடன், காற்று எழும்பும்வரை காத்திராமல் கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். பேறுகாலம் நெருங்கியிருந்தால் அதற்கு முன்பே மருத்துவமனைக்கு. முகாமில் சுவரோரம், சன்னலுக்கு எதிரில் படுக்க வேண்டாம், நடுவில் மற்றப் பெண்களுக்கு மத்தியில் படுங்கள். மருமகளிடம் புறங்கை வைத்துப் பார்க்கும் முறையை இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள்.

எல்லோரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

நிறைவாக ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தை முழுக்க உங்கள் தெரு வழியாகப் பழனிக்கு நடப்பவர்களும், உங்கள் வயலில் கிடை போடுபவர்களும் இருப்பார்கள். அவர்களில் யார் கையிலாவது பச்சைப்பிள்ளை இருந்தால், அன்று ராத்திரி உங்கள் திண்ணையை, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தை, கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு பாயும் ஒரு கொசுவலையும் கொடுங்கள். திருமயம் ஆசிரியைக்கு: அந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமை ஊசி போட்டாயிற்றா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.